எட்டு மாதமாக இன்வென்ட்ரீ என்ற சாமான் கணக்கு மென்பொருள்: கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு பேர் நடத்தும் ஒரு ரிப்பேர் கடையிலிருந்து

எங்கள் கடையில் ஒரே கண்டென்சர் மூன்று லாச்சிகளில் இருந்தது. ஒன்றில் 104 என்று எழுதியிருந்தது, இன்னொன்றில் 0.1 மைக்ரோ, மூன்றாவதில் 100 நானோ. மூன்றும் ஒரே சாமான்தான். எழுதிய கைகள்தான் மூன்று: எனக்கு வேலை பழக்கிய முதலாளி, நான், இப்போது என்னோடு இருக்கும் ஹட்டன் தம்பி. ஒரு லாச்சி காலியானதும் முடிந்துவிட்டது என்று நினைத்துப் புறக்கோட்டைச் சந்தையில் இன்னொரு பக்கெட் வாங்கி வருவோம். மற்ற இரண்டு லாச்சிகளிலும் நூற்றுக்கணக்கில் கிடக்கும்.

கடை காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. யூபிஎஸ், இன்வெர்ட்டர், இன்வெர்ட்டர் ஏசியின் போர்ட், ஆம்ப்ளிஃபையர், எப்போதாவது ஒரு வெல்டிங் மெஷின். சாமான் வகை மட்டும் ஏறக்குறைய 900 வரும். அதில் ஒன்று கையில் இல்லை என்றால் 100 அல்லது 101 பஸ்ஸில் ஏறி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போக வேண்டும். போக வர இரண்டு மணி நேரம் போய்விடும். வெள்ளிக்கிழமை என்றால் ஜும்மா நேரத்தில் பாதிக் கடைகள் மூடியிருக்கும். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, என்றால் போகவே தேவையில்லை.

இதற்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று எனக்கு உறைத்த வாரம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று சொன்னார்கள். திங்கட்கிழமை காலையிலிருந்து போர்ட்கள் வரத் தொடங்கின. பலதில் வாசலிலேயே நின்று அதிக வோல்ட்டைத் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்புச் சாமான், எம்ஓவி 14டி471, கருகியோ இரண்டாகப் பிளந்தோ இருந்தது. எங்களிடம் இருந்தது ஆறு. செவ்வாய் மாலையோடு அதுவும் முடிந்தது. புதன்கிழமை போயா. ஒரு கிளினிக்கின் யூபிஎஸ்ஸை அந்த ஒரு சாமானுக்காக வியாழன் மாலை வரை வைத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து, மேல் தட்டில் ஒரு பால்மா பேணிக்குள் பொலித்தீன் பையில் சுற்றிய நாற்பது எம்ஓவி கிடைத்தது. நானே வாங்கி நானே வைத்தது.

அதுவரை எங்களுடைய கணக்கு ஒரு சி.ஆர். கொப்பி. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போன மாதங்களில் பயத்தில் கண்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்தேன். அப்போதே அந்தக் கொப்பி நிரம்பிக் குழம்பிவிட்டது. எக்செல்லும் போட்டுப் பார்த்தேன். மேசையில் கையுறையோடும் ஈயத்தோடும் இருக்கும்போது எக்செல்லைத் திறந்து வரிசை தேடி எண்ணை மாற்றும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. மூன்றாம் வாரமே அதில் இருந்த எண்களுக்கும் லாச்சியில் இருந்ததற்கும் சம்பந்தம் இல்லாமல் போனது.

பிறகு மென்பொருள் தேடினேன். இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள்களில் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. பார்ட்கீப்பர் பழையது, அதன் வளர்ச்சி நின்றுவிட்டது, அதனால் தொடவில்லை. பார்ட்-டிபியை இரண்டு வாரம் ஓட்டினேன். நல்ல பொருள். கைக்காட் என்ற சர்க்கிட் வரைபட மென்பொருளோடு நேராக இணைகிறது, டிஜிகீ, எல்சிஎஸ்சி போன்ற விற்பனையாளர்களிடமிருந்து சாமானின் விபரங்களைத் தானாகவே இழுத்துத் தருகிறது. சொந்தமாக போர்ட் வடிவமைக்கிற ஒருவர் வீட்டில் தனியாக வைத்துக்கொள்ள இதைத்தான் சொல்வேன். எனக்கு அது பொருந்தாததற்குக் காரணம் போன். பிரவுசருக்குள் கமராவைத் திறந்து ஸ்கேன் செய்ய வேண்டும், அதற்கு எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பை அமைக்க வேண்டும், அந்தச் சின்ன வேலை கடைக்குள் பெரிய தொல்லையாகிவிட்டது. மூன்றாவது பெயர் இன்வென்ட்ரீ. அதற்குத் தனி ஆப் இருக்கிறது, ஆண்ட்ரொய்டிலும் ஐபோனிலும். எங்கள் தம்பி லாச்சியை இழுக்கிற அதே அசைவில் போனையும் எடுக்கிறான். எட்டு மாதம் இது நிலைத்ததற்கு அதுதான் பாதிக் காரணம்.

மற்றப் பாதி, இன்வென்ட்ரீ சாமானை யோசிக்கிற விதம். அதில் 'பார்ட்' வேறு, 'ஸ்டொக்' வேறு. ஐஆர்எஃப்3205 என்ற மொஸ்ஃபெட், அதாவது கரண்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர், ஒரு பார்ட். அதன் டேட்டாஷீட், படம், குறைந்தபட்சம் எத்தனை கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே. ஆனால் ஜூனில் ஒரு கடையில் வாங்கிய 50 ஒரு ஸ்டொக், ஓகஸ்டில் வேறு கடையில் வாங்கிய 30 இன்னொரு ஸ்டொக். ஒவ்வொன்றுக்கும் தனி பேட்ச் எண், தனி விலை, தனி இடம், தனி வரலாறு. முதலில் இது எனக்குச் சிக்கலாகப் பட்டது. ஒரே சாமானை ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும், 80 என்று போட்டால் காணாதா என்று மருமகனோடு வாதாடினேன். அவன்தான் இதை நிறுவித் தந்தவன். 'மாமா, ஒரு மாதம் அது சொல்கிற மாதிரிச் செய்து பாருங்கள்' என்றான். சரி என்று விட்டேன்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தெஹிவளையில் ஒரு பேக்கரியின் இன்வெர்ட்டர், நாங்கள் செய்து கொடுத்து மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. 12 வோல்ட் பட்டரியில் ஓடும், இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் வகை, பக்கத்துக்கு நான்காக எட்டு ஐஆர்எஃப்3205. ஒரு பக்கம் நான்கும் ஷோர்ட். மொஸ்ஃபெட்டை இயக்கும் ட்ரைவைப் பார்த்தேன், அதன் ஐசி டிஎல்494 ஒழுங்காக இருந்தது. கேட் ரெசிஸ்டர்கள் சரி. ட்ரான்ஸ்ஃபோர்மர் சரி. அப்படியென்றால் மொஸ்ஃபெட்தான். லாச்சியில் மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்து சின்ன டிரான்சிஸ்டர் டெஸ்டரில் வைத்தேன். கேட் கொள்ளளவு 1.1 நானோ, அதாவது 1100 பைக்கோ, என்று காட்டியது. உண்மையான ஐஆர்எஃப்3205க்கு டேட்டாஷீட்டில் உள்ளீட்டுக் கொள்ளளவு 3247 பைக்கோபாராட், அதுவும் 25 வோல்ட் கொடுத்து அளந்தது. வோல்ட் இல்லாமல் டெஸ்டரில் வைத்தால் அதைவிடக் கூடத்தான் காட்ட வேண்டும். மேலே எழுத்து 110 ஆம்பியர் சாமானுடையது, உள்ளே இருந்தது அதில் ஒரு துண்டு சிலிக்கன். உடைத்தும் பார்த்தேன். உலோகத் தகட்டின் நடுவில் ஒரு புள்ளி மாதிரி ஒட்டியிருந்தது.

முன்பாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? லாச்சியில் உள்ளதை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, வேறு யாருடைய இன்வெர்ட்டரில் இது போயிருக்கும் என்று இரவில் கிடந்து யோசித்திருப்பேன். இந்த முறை அந்த ஸ்டொக்கின் வரலாற்றைத் திறந்தேன். ஐம்பது வந்திருக்கிறது. எட்டு இந்த பேக்கரிக்கு. எட்டு கல்கிசையில் ஒரு வீட்டுக்கு. ஆறு பம்பலப்பிட்டியில் ஒரு ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளைக்கு. மிச்சம் இருபத்தெட்டு. எடுக்கும்போது ஆப்பில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வரும், அதில் வேலைச் சீட்டு எண்ணைப் போட வேண்டும் என்பது மட்டும்தான் நாங்கள் வைத்திருந்த விதி. அந்த மூன்று எண்ணும் அங்கே இருந்தன. மற்ற இருவரையும் கூப்பிட்டு, பழுதாகும் முன்பே கொண்டுவரச் சொல்லி மாற்றிக் கொடுத்தேன். கல்கிசை ஐயா நம்பவில்லை. 'நல்லாத்தானே ஓடுது, ஏன் தம்பி கழட்டுறீங்க?' என்று கேட்டார். கழற்றிய எட்டையும் டெஸ்டரில் வைத்து அவருக்கே காட்டினேன்.

அந்த 50ஐ வித்த கடையை இங்கே சொல்லப் போவதில்லை. அவர்களும் யாரிடமோ வாங்கித்தான் விற்றார்கள். ஆனால் இன்வென்ட்ரீயில் அந்த விற்பனையாளரின் பெயரைத் திறந்தால் அதற்குக் கீழே எது எது வாங்கினேன் என்று வருகிறது. இப்போது அங்கே வயரும் கனெக்டரும் மட்டும் வாங்குகிறேன்.

இதைப் படித்து நிறுவப் போகிறவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்யுங்கள். ஒரு ஸ்டொக் பூச்சியமானதும் அதை அழித்துவிடும் ஒரு தெரிவு இருக்கிறது. எங்கள் நிறுவலில் அது ஏற்கனவே போட்டபடி இருந்தது. லாச்சி காலியானதும் பதிவும் போய்விட்டால் நான் மேலே சொன்ன வரலாறும் அதோடு போய்விடும். அதை நிறுத்தி வையுங்கள். போலி சாமான் பெரும்பாலும் முழு பேட்சும் தீர்ந்த பிறகுதான் திரும்பி வரும்.

அடுத்தது பெயர். 104 பிரச்சினைக்கு வருகிறேன். ஒவ்வொரு வகைக்கும் பாராமீட்டர் வைக்கலாம்: கொள்ளளவு, வோல்ட், வெப்பநிலை, கால் இடைவெளி. கொள்ளளவு என்ற பாராமீட்டருக்கு அலகு பாராட் என்று ஒரு முறை கொடுத்துவிட்டால், ஒருவர் 100 நானோ என்றும் இன்னொருவர் 0.1 மைக்ரோ என்றும் போட்டாலும் இரண்டையும் ஒரே அளவாக எடுத்து ஒரே இடத்தில் வரிசைப்படுத்துகிறது. ரெசிஸ்டரில் 4.7 கிலோஓமை 4கே7 என்று நாங்கள் எழுதுகிற விதத்தையும் புரிந்துகொள்கிறது. பட்டியலை வரிசைப்படுத்திய அன்றைக்கே ஒரே சாமான் இரண்டு மூன்று பெயரில் இருந்த இடங்கள் பதினேழு கிடைத்தன. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரில் 85 டிகிரி வரை தாங்குவதும் 105 டிகிரி வரை தாங்குவதும் ஒரே லாச்சியில் கலந்து கிடந்ததும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏசி போர்ட்டில் 85ஐப் போட்டால் என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெயர் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது, அதை மென்பொருள் காப்பாற்றாது. ஐஆர்எஃப்540உம் ஐஆர்எஃப்540என்உம் ஒன்றல்ல. இரண்டும் 100 வோல்ட், ஆனால் முன்னது 28 ஆம்பியர், திறந்திருக்கும்போது தடை 77 மில்லிஓம். பின்னது 33 ஆம்பியர், 44 மில்லிஓம். முதலாளி காலத்து லாச்சியில் இரண்டும் '540' என்ற ஒரே சீட்டின் கீழ் இருந்தன. அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணாடி போட்டுப் பார்த்துப் பிரிக்கத்தான் வேண்டும்.

மாற்றுச் சாமான் விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ரிப்பேர் வேலையில் 'இது இல்லை, இதற்குப் பதில் எது?' என்பதுதான் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வி. இன்வென்ட்ரீயில் 'தொடர்புள்ள சாமான்' என்று இரண்டு பார்ட்டை இணைக்கலாம். ஆனால் அந்த இணைப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. நிஜத்தில் மாற்றுவது ஒரு வழிப் பாதை. ஐஆர்எஃப்இசட்44என் போன இடத்தில் 3205ஐப் போடலாம், இரண்டும் 55 வோல்ட், இது 110 ஆம்பியர், அது 49. திருப்பிப் போட்டால் எரியும். போடுகிற பக்கத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: 3205இன் கேட் சார்ஜ், அதாவது அதைத் திறக்க ட்ரைவ் கொடுக்க வேண்டிய மின்னூட்டம், 146 நானோகூலோம், 44இன் 63, அதனால் ட்ரைவ் பலவீனமான போர்ட்டில் அது சூடாகும். இதையெல்லாம் அந்த இணைப்பின் குறிப்பில் நானே எழுதி வைக்கிறேன். தம்பி அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் லாச்சியை இழுக்க வேண்டும். பழகிவிட்டான்.

உண்மையில் இது போர்ட் செய்கிறவர்களுக்காகக் கட்டிய மென்பொருள். சாமான் பட்டியல் போட்டு, இத்தனை போர்ட் கட்ட இத்தனை சாமான் என்று ஒதுக்கி, வாங்கி, கட்டி, விற்கிற வேலைக்கு எல்லாம் அதில் பலமாக இருக்கிறது. ரிப்பேர் கடைக்கு அதில் பாதி வேண்டாம். முதல் வாரம் அந்தப் பக்கங்களைப் பார்த்து நானும் மிரண்டேன். இப்போது நாங்கள் தொடுவது பார்ட், ஸ்டொக், இடம், வாங்கும் ஓடர், இந்த நான்கு மட்டும். வேலைச் சீட்டு இன்னும் காகிதத்தில்தான், அதன் எண் மட்டும் உள்ளே போகிறது.

இடம் என்பதை நன்றாகச் செய்திருக்கிறார்கள். அலுமாரிக்குள் தட்டு, தட்டுக்குள் லாச்சி என்று எத்தனை அடுக்கும் போகலாம். ஒவ்வொரு லாச்சிக்கும் ஒரு கியூஆர். லேபிளை ஏ4 தாளில் அடுக்கி அச்சிடும் வசதி உள்ளேயே இருக்கிறது, லேசர் பிரிண்டரில் அடித்து வெட்டி செலோடேப்பால் மூடினோம். முதலில் சின்ன தெர்மல் பிரிண்டரில் அடித்த நாற்பது லேபிள், ஹொட் எயார் வைத்திருக்கும் மேசைக்கு மேலே இருந்தவை, இரண்டு மாதத்தில் கறுத்துவிட்டன. எல்சிஎஸ்சியிலிருந்து வரும் பையில் அவர்களுடைய கியூஆர் இருக்கும். அதையே ஆப் படித்துவிடும். புறக்கோட்டையில் வாங்கி வரும் சாமான் சின்னப் பொலித்தீனில் ஒரு இறப்பர்பேண்டோடு வரும், அதற்கு நாங்களே லேபிள் போட வேண்டும்.

நிறுவல் பற்றிச் சுருக்கமாக. பைதன், ஜாங்கோவில் எழுதியது, எம்ஐடி உரிமம், டொக்கரில் ஏற்றலாம். கம்பியூட்டர் பழக்கம் இல்லாதவர் தனியாகச் செய்ய முடியாது, வீட்டில் ஒரு மருமகனாவது வேண்டும். எங்களுடையது திரை உடைந்த பழைய லப்டொப் ஒன்றில் ஓடுகிறது. கரண்ட் போனாலும் அதன் பட்டரி ஒரு மணி நேரம் தாங்குகிறது, டேட்டாபேஸ் பாதியில் அறுவதில்லை. பேக்அப் எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது, அது ஒவ்வொரு இரவும் தானாக ஓடி ஒரு பென்ட்ரைவில் விழுகிறது. சனிக்கிழமை அந்தப் பென்ட்ரைவ் என்னோடு வீட்டுக்கு வரும்.

விலை பூச்சியம், ஆனால் நேரம் போகும். 900 வகையையும் ஏற்ற மூன்று மாத மாலைகள் ஆனது. ஒரு நாளில் பத்து லாச்சிக்கு மேல் செய்யாதீர்கள், கண் மங்கிப் பிழை விடுவீர்கள். எல்லாவற்றையும் எண்ணவும் வேண்டாம். கால் வாட் ரெசிஸ்டரை எண்ணத் தொடங்கினால் இரண்டாம் நாளே வெறுத்துப் போகும். எங்களிடம் மொஸ்ஃபெட், ஐஜிபிடி, ஐசி, ஏசியின் பவர் மொடியூல், ரிலே, எம்ஓவி மட்டும் துண்டுக் கணக்கு. எலக்ட்ரோலிட்டிக் ஏறத்தாழ. ரெசிஸ்டரும் 4007 டயோடும் பக்கெட் கணக்கு, ஒரு பக்கெட் ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறோம். ரெசிஸ்டரைப் பொறுத்தவரை எத்தனை இருக்கிறது என்பது எனக்கு வேண்டாம், எந்த லாச்சியில் இருக்கிறது என்பது போதும்.

காலாவதித் தேதி வைக்கும் வசதி ஒன்றும் இருக்கிறது, அமைப்பில் போய் இயக்க வேண்டும். சோல்டர் பேஸ்டுக்கும் ஃப்ளக்ஸுக்கும் அதைப் போட்டிருக்கிறேன். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் சாமானின் காலே மங்கிவிடுகிறது, ஈயம் ஒட்டாது. அதனால் திறந்த பக்கெட் எதுவும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றால் பட்டியலில் மேலே வருமாறு அதற்கும் ஒரு தேதி கொடுத்துவிட்டேன். சிலிக்கா ஜெல் மாற்றும் நாளும் அதுவே.

14டி471க்குக் குறைந்தபட்சம் இருபத்தைந்து என்று வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே போனால் அறிவித்தல் வரும். போன மாதம் வந்தது. அன்று வியாழன், அடுத்த நாள் ஜும்மா, பிறகு சனி அரை நாள். தம்பி உடனே சட்டையை மாற்றிக்கொண்டு 'நான் போய்ட்டு வாறேன் அண்ணே' என்று 101இல் ஏறிவிட்டான்.

ஒரு அலுமாரி மட்டும் இன்னும் ஏற்றவில்லை. முதலாளி விட்டுப் போன பழைய டிவிச் சாமான்: ஃப்ளைபேக், டியூனர், விலை ஒட்டிய சீட்டுகூட எடுக்காத ஹொரிசொண்டல் ட்ரான்சிஸ்டர்கள். பெட்டிகளின் மேல் அவர் கையெழுத்து இருக்கிறது. வருகிற போயாவுக்கு அதை இறக்கிப் பார்ப்பதாக இருக்கிறோம். தம்பி லேபிள் அடித்து வைத்துவிட்டான்: அலுமாரி 4, தட்டு 1.